இரைப்பை எடுத்த பிறகும் புற்றுநோய் திரும்பினால் மறுபடி ஆபரேஷன் செய்யலாமா?

அம்மாவுக்கு முக்கால்வாசி இரைப்பையை எடுத்தும் ஒன்றரை வருஷத்தில் திரும்பிவிட்டது, இன்னொரு ஆபரேஷன் உண்டா என்று யாங்கோனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். இந்நேரம் சென்னைக்கா பாங்காக்குக்கா என்று டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் டாக்டர் இல்லை. அப்பாவோடு அலைந்தவன், அவ்வளவுதான்.

எங்கே திரும்பியிருக்கிறது என்பதுதான் கேள்வி. மிச்சம் விட்ட இரைப்பையிலோ, தையல் போட்ட இடத்திலோ மட்டும் என்றால் மீதியையும் எடுத்துவிட்டு உணவுக்குழாயைச் சிறுகுடலோடு இணைப்பார்கள். அதற்கப்புறம் ஆயுசுக்கும் வைட்டமின் பி12 ஊசி. கல்லீரலில் ஒரே ஒரு கட்டி என்றால் சிலருக்கு அதையும் எடுப்பதுண்டு. ஆனால் இந்த வியாதி அப்படி ஒரே இடத்தில் மட்டும் திரும்புவது குறைவு.

அப்பாவுக்கு ஸ்கேனில் தையல் இடம் மட்டும்தான் தெரிந்தது. வீட்டை அடகு வைத்துச் சென்னை போனோம். சர்ஜன், "முதலில் சின்னத் துளை போட்டு கேமரா விட்டுப் பார்ப்பேன். பரவியிருந்தால் வெட்ட மாட்டேன்" என்றார். ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டார். வீடியோவைக் காட்டினார். வயிற்றின் உள்சுவரெங்கும் ஜவ்வரிசியைத் தெளித்த மாதிரி வெள்ளை வெள்ளையாக. அவ்வளவு பொடிசு ஸ்கேனில் தப்பிவிடுமாம். கீமோவோடு திரும்பினோம். பதினோரு மாதம் இருந்தார். கடைசியில் மொஹிங்கா (பர்மிய மீன் நூடுல்ஸ் சூப்) சாறு மட்டும்தான், ஒரு கிண்ணத்துக்கு முக்கால் மணி நேரம்.

பீலிக்கான் கோயிலில் பார்த்த சித்தப்பா, "கத்தி படவிட்டே, அதான் பரவிடுச்சு" என்றார். அதே வீட்டுச் சித்தி, "வெட்டாம காசைப் புடுங்கிட்டானுங்க" என்றார். இருவருக்கும் நான் பதில் சொல்லவில்லை. எங்கள் மாமா இரண்டாவது ஆபரேஷனில் பிழைத்தார் என்று யாராவது கீழே எழுதினால், சந்தோஷம், அவருக்கு ஒரே இடத்தில் இருந்திருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். முதல் ஆபரேஷனின் பயாப்ஸி ஸ்லைடையும் பிளாக்கையும் (எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் கட்டி) கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். எங்கள் அப்பாவுக்கு அடையாள அட்டையில் பர்மியப் பெயர், பாஸ்போர்ட்டிலும் அதுதான். யாங்கோன் லேப் பையன் மட்டும் நாங்கள் கூப்பிடும் தமிழ்ப் பெயரை எழுதிவிட்டான். சென்னை கவுண்டரில், "இது வேற யாரோட ரிப்போர்ட்டோ" என்று இரண்டு நாள் அலைக்கழித்தார்கள். "தமிழ் நல்லா பேசுறீங்களே, எங்க கத்துக்கிட்டீங்க?" என்று வேறு கேட்டார்கள். நாலு தலைமுறையாக வீட்டில் பேசுகிறோம் அம்மா, எங்கே போய்க் கற்றுக்கொள்வது? இரண்டு பெயரும் ஒருவருக்கே என்று ஆஸ்பத்திரியில் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள், முத்திரையோடு.