மெஷின் சொல்லாதத நீங்க சொல்லிட்டீங்க

கேள்வி: கல்யாணமாகி ஆறு வருஷம் ஆச்சு. ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், இப்போதைக்கு என் சம்பளம் அவரத விடக் கொஞ்சம் ஜாஸ்தி. போன மாசம் அவரோட ஃப்ரெண்ட்ஸ் நாலஞ்சு பேரோட வெளிய போனோம். பில் வந்ததும் இவர்தான் முந்திக்கிட்டு கார்ட நீட்டினார், ரெண்டு தடவ போட்டும் போகல. எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க, எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. உடனே நான் "விடுங்க, நான் குடுத்துடறேன், அவருக்கு இந்த மாசம் கொஞ்சம் டைட்டு"ன்னு சொல்லி என் கார்டக் குடுத்துட்டேன். உதவிதானே பண்ணேன்! அன்னைலேந்து பன்னெண்டு நாள் சரியாப் பேச்சே இல்ல. மூணாம் நாள் காலைல கண்ணாடி முன்னாடி ஒரு கவர் இருந்துச்சு, உள்ள அந்த பில் தொகை, சில்லறைக் காசு வரைக்கும் கரெக்டா. அந்தப் பணத்த கிரெடிட் கார்டுலேந்து எடுத்திருக்கார்னு மெசேஜ் வந்து தெரிஞ்சுது. போதாக்குறைக்கு அதுல ஒரு ஃப்ரெண்டோட பிறந்த நாளுக்கு எங்க சக்திக்கு மீறி ஒரு கிஃப்ட் வேற. அடுத்த வாரம் அதே கூட்டம் திரும்பக் கூப்புடறாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்? - பேர் வேண்டாம்

பதில்: நீங்க பில்லு குடுத்தது தப்பே இல்லம்மா. அதுக்கப்பறம் ஒரு விளக்கம் குடுத்தீங்க பாருங்க, அங்கதான் வந்துச்சு வினை.

அந்த நிமிஷத்த கொஞ்சம் நிறுத்திப் பாப்போம். ஒரு கார்டு போகலன்னா அதுக்கு நூறு காரணம் இருக்கும், பேங்க்குலேந்து வர்ற பதிலே ஒரு ரெண்டு இலக்க நம்பர்தான், 51ன்னா பேலன்ஸ் பத்தல, 54ன்னா கார்டு காலாவதி ஆயிடுச்சு, 61ன்னா லிமிட்ட தாண்டிட்டீங்க, 91ன்னா பேங்க் சிஸ்டமே பதில் சொல்லல. நிறைய மெஷின்ல இதுவும் தெரியாது, போகலன்னு மட்டும்தான் காட்டும். அதாவது சுத்தி உக்காந்திருந்த அந்த நாலஞ்சு பேருக்கும் ஏன் போகலன்னு அதுவரைக்கும் தெரியாது. "நெட்வொர்க் சரியில்ல போல"ன்னு ஒருத்தர் நெனச்சிருப்பார், இன்னொருத்தர் கவனிச்சிருக்கவே மாட்டார். மெஷின் சொல்லாதத நீங்க சொல்லிட்டீங்க. "அவருக்கு இந்த மாசம் டைட்டு." அவர் இவ்ளோ நாளா யார்கிட்டயும் சொல்லாம, ஒருவேள தனக்கே சொல்லிக்காம வெச்சிருந்த ஒரு விஷயத்த, அவரோட ஆளுங்க முன்னாடி, அவர் வாய் திறக்கறதுக்கு முன்னாடியே.

அந்த ஒரு வரிய வெட்டிட்டு, ஒண்ணுமே சொல்லாம உங்க கார்ட எடுத்து நீட்டியிருந்தா? ரெண்டு பேருக்கும் ஒரே வீடுதானே, யார் கார்டு போனா என்னன்னு விஷயம் அங்கயே முடிஞ்சிருக்கும்.

1955ல எர்விங் காஃப்மன்னு ஒரு சமூகவியலாளர் இந்த 'முகத்த' காப்பாத்திக்கற விஷயத்தப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்னதுல எனக்குப் புடிச்சது என்னன்னா, நாலு பேர் நடுவுல ஒருத்தரோட மரியாதைய காப்பாத்தறது அவர் ஒருத்தர் மட்டும் செய்யற வேல இல்ல, கூட இருக்கறவங்க எல்லாரும் சேந்து செய்யற வேல, பாத்தும் பாக்காத மாதிரி இருக்கறது கூட அதுல சேத்திதான். நாமளே தெனம் பண்றோமே, யாராவது தடுக்கி விழப் போனா டக்குன்னு வேற பக்கம் திரும்பிக்கறோம் இல்லையா? அந்த மாதிரி.

உங்களக் குத்தவாளிக் கூண்டுல நிறுத்தறேன்னு நெனைக்காதீங்க. நானே இத விட மோசமாப் பண்ணியிருக்கேன். எங்க வீட்டுக்காரருக்கு நாலு மாசம் வேலை இல்லாம இருந்தப்ப, எங்க அம்மாகிட்ட ஃபோன்ல "எல்லாம் இப்ப என் சம்பளத்துலதாம்மா ஓடுது"ன்னு சொன்னேன், பெருமையாக்கூட இல்ல, சும்மா ஒரு புலம்பல். அவர் பக்கத்து ரூம்ல துணி மடிச்சிட்டு இருந்தார். அதுக்கப்பறம் ஒரு வாரம் அவர் எதுக்குமே காசு கேக்கல, முடி வெட்டிக்கக்கூடப் போகல. எனக்கு அது உறைக்கறதுக்கே ரொம்ப நாள் ஆச்சு.

பணம் இல்லாம இருக்கறது வேற, பணம் இல்லாதவனா மத்தவங்க கண்ணுக்குத் தெரியறது வேறம்மா. முதல்ல சொன்னத கணக்குப் போட்டு சரி பண்ணிடலாம், ரெண்டாவது நேரா ஆளப் போய்த் தாக்கும். அதனாலதான் அவர் பில்லுக் காச சில்லறையோட எண்ணி வெச்சிருக்கார். அந்தச் சில்லறைய நெனச்சா எனக்கே என்னமோ பண்ணுது. ரவுண்டா ஒரு நோட்டு வெச்சிருந்தா அது வீட்டுச் செலவு, பைசா சுத்தமா வெச்சா அது கடன் அடைக்கறது. "உனக்கு நான் பாக்கி இல்ல"ன்னு எழுதாம எழுதியிருக்கார். இதுல ஆம்பள பொம்பளன்னு ஒண்ணும் இல்ல, உங்க கார்டு போகாம அவர் அந்த வரியச் சொல்லியிருந்தா உங்களுக்கும் சுருக்குன்னு தச்சிருக்கும். என்ன, வீட்டத் தாங்கறவன் நீதான்னு சின்ன வயசுலேந்து சொல்லிச் சொல்லி வளக்கறதால ஆம்பளைங்களுக்கு இந்த இடத்துல தோல் கொஞ்சம் மெல்லிசு.

சரி அந்தக் கவர என்ன பண்றது? வாங்கிக்கோங்க. "எதுக்குங்க இதெல்லாம்"னு திருப்பிக் குடுக்காதீங்க, பாசத்துல குடுத்தாலும் அவருக்கு அது "உங்ககிட்ட இல்லன்னு எனக்குத் தெரியும்"னுதான் கேக்கும், ரெண்டாவது தடவையா.

மன்னிப்பு கேக்கறதுல ஒரு சின்ன நுணுக்கம் இருக்கு. "உங்களுக்குக் கஷ்டமா இருந்திருந்தா சாரி"ன்னு ஆரம்பிச்சா, நீ ஓவரா எடுத்துக்கிட்டன்னு அர்த்தம் ஆயிடும். "நான் உதவிதானே பண்ணேன்"னு ஆரம்பிச்சா அதோட முடிஞ்சுது. பில்லு குடுத்ததுக்கு மன்னிப்பு வேண்டாம், அந்த ஒரு வரிக்கு மட்டும் கேளுங்க: "நம்ம வீட்டு விஷயத்த உங்ககிட்ட கேக்காம அவங்க முன்னாடி சொல்லிட்டேன், அது நான் சொல்ல வேண்டியது இல்ல." அவ்ளோதான், அதுக்கப்பறம் ஒரு 'ஆனா' போட்டுராதீங்க. அவர் பதிலுக்கு கத்தினாலோ எழுந்து போனாலோ பின்னாடியே போய்ப் பேசாதீங்க. தம்பதிகளப் பத்தி பல வருஷம் ஆராய்ச்சி பண்ண ஜான் காட்மன், சண்டைல இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு 100ஐ தாண்டிட்டா எதிராளி சொல்றது ஒழுங்கா மண்டைல ஏறாது, கொறஞ்சது 20 நிமிஷமாவது விட்டுட்டுத்தான் திரும்பப் பேசணும்னு சொல்றார். உங்க கேஸ்ல பன்னெண்டு நாள் விட்டாச்சு, அது வேற விஷயம், பன்னெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டுத் திரியறது அவர் பக்கத்துத் தப்பு, அதையும் சொல்லுங்க, ஆனா இன்னொரு நாள்.

ஃப்ரெண்ட்ஸ்கிட்ட போய் "அன்னைக்கு நான் சும்மா சொன்னேன்"னு சமாளிக்கப் போகாதீங்க, அவங்க மறந்தத நீங்களே ஞாபகப்படுத்தின மாதிரி ஆயிடும்.

இப்ப வர்றேன் எனக்கு நெஜமாவே கவலையா இருக்கற இடத்துக்கு. ரோஷம் எல்லாம் இருக்கட்டும், அந்த ரோஷத்துக்கு யார் வட்டி கட்டறது? கிரெடிட் கார்டுல பொருள் வாங்கிட்டு தேதிக்குள்ள முழுசாக் கட்டினா பொதுவா வட்டி இல்ல, ஆனா அதே கார்டுலேந்து கேஷா எடுத்தா பெரும்பாலும் அந்தச் சலுகை கெடையாது, எடுத்த அன்னைலேந்தே வட்டி ஓட ஆரம்பிச்சிடும், கேஷ் எடுத்ததுக்கு தனி சார்ஜ் வேற. மாசம் 3 சதவீதம்னு சொன்னா சின்னதாத் தெரியும், வட்டிக்கு வட்டி சேந்தா வருஷத்துக்கு 42 சதவீதத்துக்கு மேல வரும். மினிமம் டியூ, அதாவது பில்லுல போட்டிருக்கற கொறஞ்சபட்சத் தொகைய மட்டும் கட்டிட்டே இருந்தா அசல் அசையவே அசையாது. மனைவிக்குக் கடனே வெக்கக் கூடாதுன்னு அதவிட வட்டி ஜாஸ்தியான எடத்துல கடன் வாங்கியிருக்கார் மனுஷன். கேட்டா சிரிப்பு வருது, அந்த கிஃப்டும் சேந்துக்கிட்டா சிரிக்கற விஷயமா இல்ல.

அதனால மன்னிப்பு கேட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சு, மனசு கொஞ்சம் லேசானப்பறம் கணக்க எடுங்க. அந்த மெசேஜப் பாத்தத மறைக்க வேண்டாம், "பாத்தேன், வட்டி ஓடுதேன்னு பயமா இருக்கு"ன்னு நேராச் சொல்லுங்க, கையும் களவுமாப் புடிச்ச தொனி மட்டும் வேண்டாம். முதல்ல உங்க பேப்பர எடுத்து வைங்க, உங்க சம்பளம், உங்க கடன், நீங்க வீட்டுக்குச் சொல்லாம வாங்கினது (இருக்கும், எல்லார்கிட்டயும் இருக்கும்), அதுக்கப்பறம் அவரத கேளுங்க. கவர்ல இருந்த பணத்த அப்படியே அந்தக் கார்டுக்கு கட்டிடலாம்னு அப்பச் சொல்லுங்க, அப்ப அது திருப்பிக் குடுத்ததா ஆகாது, வீட்டுக் கடன ரெண்டு பேரா அடைச்சதாத்தான் இருக்கும்.

அப்பறம் பொதுவா ஒரு அக்கவுண்ட். ஆளுக்குப் பாதின்னு போடாதீங்க, சம்பளத்துக்குத் தக்கனமாதிரி போடுங்க. வீட்டுக்கு வர்ற 100ல 60 உங்களதுன்னா செலவுலயும் 60 பங்கு உங்களது, 40 அவரது. ரெண்டு பேர்கிட்டயும் அதே அக்கவுண்ட் கார்டு இருந்தா எடுத்து நீட்டறது யாரா இருந்தாலும் அது வீட்டுப் பணம். ஆளுக்குக் கொஞ்சம் தனியா வெச்சுக்கோங்க, அதுக்கு யாரும் யாருக்கும் கணக்கு சொல்ல வேண்டாம். டேபிளுக்கு அடில பணத்த அவர் கைல திணிச்சு அவர் குடுக்கற மாதிரி காட்டறதுன்னு சில பேர் ஐடியா குடுப்பாங்க, எனக்கு அதுல இஷ்டம் இல்ல, ஒரு தடவ ஓகே, வழக்கமாப் பண்ணா ரெண்டு பேரும் சம்பளம் வாங்காம நடிக்கற நாடகம் அது.

ஒரே ஒரு எச்சரிக்கை. கணக்கு பேசலாம்னதும் அவர் இன்னொரு கார்ட ஒளிக்கறது, ஃபோன் வந்தா வெளிய போய்ப் பேசறது, வாங்கின எடத்துக்கு கட்ட வேற எடத்துல வாங்கறதுன்னு தெரிஞ்சா, அது ரோஷத்துல சேராது, உங்களுக்குத் தெரியாம பெருசா ஒரு கடன் இருக்குன்னு அர்த்தம். அப்ப அவர் மூஞ்சி வாடுமேன்னு பாக்காதீங்க, முழுத் தொகையும் தெரியற வரைக்கும் விடாதீங்க, அவர் காட்டற எதுலயும் படிச்சுப் பாக்காம கையெழுத்தும் போடாதீங்க.

அடுத்த வாரம் கூப்பிட்டிருக்காங்கன்னு எழுதியிருக்கீங்க, போயிட்டு வாங்க. எவ்ளோ வரைக்கும் செலவு, எந்தக் கார்டுன்னு வாசப்படி தாண்டறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கோங்க. அங்க எவராவது "என்னப்பா, இன்னைக்காவது கார்டு போகுமா"ன்னு கிண்டல் பண்ணா, அதுக்கு என்ன சொல்லணும்னு அவருக்குத் தெரியும், அவர் சொல்லட்டும். நீங்க அந்த நேரத்துல கைப்பைல எதையாவது தேடிட்டு இருங்க.