உள்வாங்கிய இனவெறி என்றால் என்ன? மனநல ஆலோசனையில் அதை எப்படிக் கையாளுகிறார்கள்?

தன் இனத்தைப் பற்றிச் சமூகம் பேசும் இழிவை ஒருவர் தாமே நம்பத் தொடங்குவதுதான் உள்வாங்கிய இனவெறி. பழிக்க யாருமே இல்லாத அறையில்கூட, கண்ணாடி முன் நின்று தன் முடியையும் நிறத்தையும் வெறுக்க வைக்கும்.

இது பிறவியில் வருவதல்ல. 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி, கறுப்பினக் குழந்தைகளிடம் நிறம் மட்டும் வேறான பொம்மைகளைக் காட்டி, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகள்! யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. புகை சூழ்ந்த வீட்டில் துணியில் வாடை ஏறுவது போலத்தான், உடுத்தியிருப்பவருக்கே தெரியாது.

ஆலோசனையில் முதலில், 'நான் மட்டம்' என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தேடுவார்கள். யார் சொன்னது, எந்த வயதில், எந்த வகுப்பறையில்? அப்புறம், தன் இன அடையாளம் தனக்கு என்ன என்பதை அவரே சொந்த வார்த்தைகளில் பேச இடம் தருவார்கள். ஆலோசகர் வேறு இனத்தவர் என்றால் அந்தப் பேச்சை அவர்தான் தொடங்க வேண்டும். உதவி தேடி வந்தவர்மேல் அந்தச் சுமையை ஏற்றுவது சரியில்லை.

பாதிக்கப்பட்டவர்மேலேயே பழி போடும் வேலை இது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், அந்த எண்ணத்தை விதைத்தது வெளியே இருக்கும் பாகுபாடுதான் என்று அவருக்குப் பிரித்துக் காட்டுவதே இந்தச் சிகிச்சை.