மருந்துச் சார்பும் அடிமைத்தனமும் ஒன்றா?

புற்றுநோய் வலிக்காக மார்ஃபின் உட்கொள்ளும் உங்கள் தந்தை, இரண்டு நாள் மாத்திரை கிடைக்காதபோது வியர்த்து நடுங்கியதால், அவர் அதற்கு அடிமையாகிவிட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் விவரிப்பது உடல்சார்பு, அதாவது உடல் மருந்துக்குப் பழகிவிட்ட நிலை. அதை மட்டும் வைத்து அடிமைத்தனம் என்று கூற இயலாது.

மார்ஃபின் போன்ற ஓபியாய்டு (அபின் வகை வலிநீக்கி) மருந்து நாள்தோறும் உடலில் இருக்கும்போது நரம்பு மண்டலம் அதை ஈடுகட்டும் வகையில் தன் இயக்கத்தை மாற்றிக்கொள்கிறது. மருந்து திடீரென நின்றதும் அந்த ஈடுகட்டல் மட்டும் மிஞ்சுவதால் வியர்வை, கொட்டாவி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை ஆகியவை தோன்றுகின்றன. இதயத் துடிப்பைக் குறைக்கும் ப்ராப்ரனலாலைச் சட்டென நிறுத்தினாலும் படபடப்பும், சிலருக்கு நெஞ்சுவலியும் வரலாம். அதற்காக அதை உட்கொள்பவரை யாரும் அடிமை என்பதில்லை.

அடிமைத்தனம் நடத்தையில் வெளிப்படுவது: தீராத வேட்கை, அளவைக் கட்டுப்படுத்த இயலாமை, வேலையும் உறவும் சிதைவது தெரிந்தும் தொடர்தல். கொக்கெய்னை விடும்போது உடல் அறிகுறிகள் ஒப்பளவில் குறைவு. அதன் பிடியோ கடுமையானது.

இந்தக் குழப்பத்தில் மருத்துவத் துறைக்கும் பங்குண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடு நெடுங்காலம் அடிமைத்தனத்தையே 'சார்பு' என்று குறித்துவந்தது. 2013-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்புதான் அச்சொல்லைக் கைவிட்டு, மருத்துவர் கண்காணிப்பில் மருந்து உட்கொள்பவருக்கு அதை நிறுத்தும்போது ஏற்படும் விலகல் அறிகுறிகளை நோயறியும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது.

மருந்து தேவைப்படாத நிலை வந்தால் மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். அதுவரை நீங்களாக நிறுத்தாமல், மாத்திரை தீருமுன்பே அடுத்த சீட்டைப் பெற்றுவிடுங்கள்.