கணினிக் கேள்வி – பதில்: பாமினி எங்கே போனது?

கேள்வி: விண்டோஸ் 10இலிருந்து 11க்கு மாற்றினேன். பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் அடித்த பழைய வினாத்தாள்களைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறது. கோப்புகள் பழுதாகிவிட்டனவா?
– ஆசிரியை, உவர்மலை, திருகோணமலை

பதில்: கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பாமினி யூனிகோட் (ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பொது முறை) எழுத்துரு அல்ல. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்த ஏற்பாடு. எழுத்துரு இல்லையென்றால் அடியில் கிடக்கும் ஆங்கிலம் தலைகாட்டும். மாற்றும்போது ‘சொந்தக் கோப்புகள் மட்டும்’ என்பதைத் தெரிவு செய்திருப்பீர்கள். அதில் மென்பொருள்களோடு எழுத்துருக்களும் போய்விடும்.

சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்ட்’ கோப்புறை இருக்கும். அதற்குள் விண்டோஸ், அதற்குள் பொண்ட்ஸ். அங்கிருந்து பாமினியை டெஸ்க்டொப்புக்குப் பிரதி எடுத்து, வலது சொடுக்கில் ‘இன்ஸ்டோல் ஃபோர் ஓல் யூசர்ஸ்’ கொடுங்கள். காணாவிட்டால் ‘ஷோ மோர் ஒப்ஷன்ஸ்’இல் பாருங்கள். வேர்டை மூடித் திறந்தால் தமிழ் வந்துவிடும். ஆறப்போடாதீர்கள்: அந்தக் கோப்புறை வழக்கமாக 10 நாளில் தானாக அழியும், பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியும் அத்தோடு அடைபடும். இடம் போதாதென்று டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸை அழிக்கத் தெரிவு செய்தாலும் அதே கதிதான். இனிமேல் அடிப்பதையாவது யூனிகோடில் அடியுங்கள். அதற்கான ‘நிர்மலா யூஐ’ எழுத்துரு விண்டோஸிலேயே இருக்கிறது.

கேள்வி: விண்டோஸ் 11க்கு மாற்றியபின் மடிகணினி ஊர்கிறது. டாஸ்க் மனேஜரில் டிஸ்க் 100% காட்டுகிறது.
– வாசகர், மூதூர்

பதில்: முதல் ஓரிரு நாள் பின்னணியில் அப்டேட்டும் தேடல் அட்டவணையும் ஓடும், பொறுங்கள். பிறகும் இறங்காவிட்டால் சுழலும் ஹாட் டிஸ்க்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதற்குப் பதில் 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) போடுங்கள். 4 ஜிபி ரெம் என்பது விண்டோஸ் 11க்கான ஆகக்குறைந்த நிபந்தனை மட்டுமே. வேலை செய்ய 8 வேண்டும்.