செங்குட்டுவன் நம் மலையடிவாரத்தில் தங்கினானா? கேள்வி பதில்

உதகையில் எங்கள் வாசகர் கூட்டத்தில் இந்த மாதம் சேரன் செங்குட்டுவனை எடுத்துக்கொண்டோம். நேரம் போதாமல் நின்றுபோன கேள்விகளுக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

செங்குட்டுவன் நீலகிரிக்கு வந்தான் என்கிறார்களே, எதை வைத்துச் சொல்கிறார்கள்? (கோத்தகிரி ஆசிரியை)

சிலப்பதிகாரத்தை வைத்துத்தான். கண்ணகிக்குச் சிலை வடிக்க இமயத்தில் கல் எடுக்கக் கிளம்பியவன், தன் தலைநகர் வஞ்சியை விட்டு வடக்கே போகும்போது நீலகிரியின் பக்கத்தில் படையோடு முகாமிட்டான் என்று அதில் வரும் கால்கோள் காதை சொல்கிறது. அங்கே ஒரு பெரிய திருவிழாவே நடக்கிறது. பொதிகைக்குப் போகிற முனிவர்கள் வானத்திலிருந்து இறங்கி, இமயத்தில் இருக்கும் அந்தணரைக் காப்பாற்று என்று கேட்டுக்கொள்கிறார்கள். கொங்கணக் கூத்தர் வருகிறார்கள், கருநாடர் வருகிறார்கள். அப்புறம் வடக்கே ஆண்ட அவன் நண்பர்களான நூற்றுவர் கன்னர் அனுப்பிய தூதன் சஞ்சயன் வந்து சேர்கிறான். அவனோடு வந்த கணக்கைப் பாருங்கள்: நாடக மகளிர் 102 பேர், இசைக்காரர் 208 பேர், சிரிக்க வைப்பவர்கள் 100 பேர், தேர் 100, யானை 500, குதிரை 10,000, வண்டி 20,000.

காவியக் கணக்குதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இத்தனை வண்டி வாகனத்தை மேட்டுக்கு ஏற்றியிருக்க வாய்ப்பே இல்லை. அடிவாரத்து வயநாடு, முதுமலைப் பகுதியை நினைத்துத்தான் புலவர் பாடியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒடிசாவில்கூட நீலகிரி என்று ஊர் இருக்கிறது. அதுவாக இருந்தால்? (குன்னூர்)

பாலேசுவரம் மாவட்டத்தில் இருக்கிறது, சரி. ஆனால் பாட்டில் வந்து ஆடுகிறவர்கள் யார்? கொங்கணரும் கருநாடரும். சேர நாட்டிலிருந்து கிளம்பியவனை அவர்கள் வந்து பார்ப்பதற்கு நம் மலைதான் பொருந்துகிறது.

இந்தப் படையெடுப்பு நிஜமாகவே நடந்ததா, இல்லை கதையா? (கல்லூரி மாணவர், கூடலூர்)

எல்லாக் கேள்வியும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. செங்குட்டுவனை நேரில் பாடிய புலவர் பரணர். சேர அரசர்களைப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தில் ஐந்தாம் பத்து முழுக்க இவனைப் பற்றியது. அதில் கடலில் பகைவரை விரட்டியது வருகிறது, மோகூர் மன்னன் தன் காவல் மரமாகப் போற்றிய வேம்பை வெட்டியது வருகிறது, இமயத்துக்கும் குமரிக்கும் இடையே உள்ள அரசர்களை வென்றான் என்ற பேச்சும் வருகிறது. கண்ணகி வரவில்லை. இமயத்துக் கல்லும் வரவில்லை. அந்தப் பத்தோடு இருக்கும் பதிகம் என்ற அறிமுகப் பாட்டில் பத்தினிக் கல்லைப் பற்றிச் சொல்லியிருக்கிறதே என்பீர்கள். பதிகங்கள் பின்னால் சேர்த்தவை.

ஆகவே, அவன் வாழ்க்கைக்குப் பரணரைக் கேளுங்கள். தமிழர் மனத்தில் அவன் எப்படி நின்றான் என்பதற்கு இளங்கோவைக் கேளுங்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் இரண்டுமே கெட்டுவிடும். பாடப்புத்தகங்களில் இது நடக்கும்போது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. எவ்வளவு பெரிய புலவர் பரணர்! அவரை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அவன் காலம் எது?

கண்ணகிக்கு எடுத்த பத்தினி விழாவுக்கு இலங்கை அரசன் கயவாகு வந்தான் என்கிறது சிலம்பு. இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தில் வரும் முதலாம் கஜபாகுதான் அவன் என்று கொண்டு, கி.பி. 2ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். ஒற்றை ஆணியில் பெரிய படத்தை மாட்டியது மாதிரி இருக்கிறது இது. கரூர் பக்கம் புகலூரில் சேரர் மூன்று தலைமுறையைச் சொல்லும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. அதில் வருவது சேரரின் இன்னொரு கிளையான இரும்பொறை மரபு, செங்குட்டுவன் பெயர் இல்லை.

பழனி மலைக்கும் இவனுக்கும் தொடர்பு உண்டா? பேகன் மனைவி பெயரும் கண்ணகிதானே? (கொடைக்கானலிலிருந்து வந்த நண்பர்)

நல்ல கேள்வி. பழனிப் பக்கத்தை ஆண்ட வள்ளல் பேகனின் மனைவி வேறு கண்ணகி. அவளைப் பிரிந்திருந்த பேகனிடம் அவளுக்காகப் பரிந்து பாடியவர்களில் ஒருவர் அதே பரணர். தொடர்பு இன்னொரு வழியிலும் இருக்கிறது. பேகனின் குலமான ஆவியர்குடியில் வந்த வேளாவிக்கோமான் பதுமனின் மகள் செங்குட்டுவனுக்கு மாற்றாந்தாய் முறை.

இந்த வேளாவிக்கோ பெயர் சிலம்பிலும் ஓரிடத்தில் வருகிறது. கங்கைக்கு வடகரையில் 18 நாழிகையில், அதாவது ஏழு மணி நேரம் சொச்சத்தில், போரை முடித்து, வடநாட்டு அரசர்களான கனக விசயரைப் பிடித்து, அவர்கள் தலையில் கல்லை ஏற்றிக் கொண்டுவருகிறான். அவர்களைச் சோழனிடமும் பாண்டியனிடமும் காட்டியபோது, தவ வேடத்தில் தப்பியவர்களைப் பிடிப்பது என்ன வீரம் என்று இருவரும் இகழ்ந்துவிட்டார்கள். செங்குட்டுவன் கொதிக்கிறான். அப்போது மாடலன் என்ற அந்தணன், ஆட்சிக்கு வந்து 50 ஆண்டு ஆகியும் நீ போரைத் தவிர வேறு என்ன செய்தாய் என்று முகத்துக்கு நேரே கேட்கிறான். அரசன் அடங்கி, சிறையில் இருந்தவர்களை விடுவித்து, வேளாவிக்கோ மாளிகையில் மரியாதையோடு தங்க வைக்கிறான். இமயம் வரை போன வெற்றியைவிட இந்த இடம்தான் எனக்கு அவனைப் பெரியவனாகக் காட்டுகிறது.

அப்போது தோடர்கள் இங்கே இருந்தார்களா?

சிலம்பு எதுவும் சொல்லவில்லை. கல்லில் முதலில் கிடைப்பது 1117இல். போசள விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோடரை அச்சுறுத்தி நீலமலையைப் பிடித்ததைச் சாமராசநகர்க் கல்வெட்டு சொல்கிறது. வெள்ளைக்காரன் வைத்த பெயர் நீலகிரி என்று இனி யாராவது சொன்னால், ஆங்கிலேயக் கலெக்டர் சல்லிவன் இங்கே வந்ததே 1819இல்தான் என்று சொல்லிவிடுங்கள்.

எங்கே ஆரம்பித்துப் படிப்பது?

வஞ்சிக் காண்டத்தில் காட்சிக் காதை, கால்கோள் காதை, பிறகு நடுகல் காதை. உரையோடு படியுங்கள். அதை முடித்துவிட்டுப் பரணரின் ஐந்தாம் பத்துக்கு வாருங்கள், பத்தே பாட்டு. அடுத்த கூட்டத்துக்கு முன்னால் படித்துவிட்டால் மோகூர் வேம்பிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.