குழந்தையின் பாதம் பிறவியிலேயே உள்நோக்கி வளைந்திருந்தால் தானாகச் சரியாகிவிடுமா?

பிறந்து பத்து நாளான குழந்தையின் வலது பாதம் உள்நோக்கித் திரும்பியிருக்கிறது, எண்ணெய் தேய்த்து உருவிவிட்டால் போதும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள், காத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகனும் இப்படித்தான் பிறந்தான். காத்திருக்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்ததால் மட்டும் திரும்பிய பாதம், விரலால் மெல்லத் தள்ளினாலே நேராகிவிடும். அது பெரும்பாலும் தானாகவே சரியாகும். வளைபாதம் அப்படியன்று. குதிகால் மேலேறி, உள்ளங்கால் உட்புறம் பார்த்து, தள்ளினாலும் விறைத்து நிற்கும். ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது. கிரகண நேரத்தில் வெளியே வந்ததுதான் காரணம் என்று என் மனைவியிடம் சொன்னவர்கள் இருந்தார்கள். கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தப் பேச்சைத் தாயின் காதில் விழவிடாதீர்கள்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இக்னாசியோ பொன்செட்டி என்ற மருத்துவர் உருவாக்கிய முறையே இன்று உலகெங்கும் கையாளப்படுகிறது. பிறந்த குழந்தையின் பாத எலும்புகள் பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருப்பதாலும் தசைநார்கள் இழுத்தால் நெகிழ்ந்து கொடுப்பதாலும், வாரம் ஒருமுறை பாதத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி, விரல்களிலிருந்து தொடை வரை மாவுக்கட்டுப் போடுகிறார்கள். பொதுவாக ஐந்து முதல் ஏழு கட்டுகள் தேவைப்படும். அதன் பிறகும் குதிகால் இறங்காவிட்டால், மரத்துப்போகும் ஊசி போட்டு, குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணைச் சிறு கீறலில் வெட்டி, மூன்று வாரம் கடைசிக் கட்டுப் போடுவார்கள். அதற்குள் நாண் மீண்டும் வளர்ந்து இணைந்துவிடும். கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். வெளுத்த விரல் உடனே சிவக்க வேண்டும். நீலம் பாரித்தாலோ சில்லிட்டிருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஆனால் உண்மையான சோதனை மாவுக்கட்டு முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. இரண்டு ஷூக்களை ஒரு கம்பியால் இணைத்த கருவியை முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், பிறகு நான்கு வயது வரை தூங்கும் நேரங்களிலும் அணிவிக்க வேண்டும். முதல் சில இரவுகள் குழந்தை அழும். இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டினால், சேர்த்து உதைக்கப் பழகிக்கொள்ளும். என் மகன் 14 மாதத்தில் நடக்கத் தொடங்கியதும், கால்தான் நேராகிவிட்டதே என்று நாங்கள் அதை நிறுத்திவிட்டோம். சில மாதங்களில் அவனுடைய குதிகால் தரையில் படுவது நின்றது. மறுபடியும் மூன்று மாவுக்கட்டுகள். நடக்கும் பிள்ளையைக் கட்டுப் போட்டு உட்காரவைத்த அந்த மூன்று வாரங்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

இப்போது அவனுக்கு ஏழு வயது. வலது பாதம் சற்றுச் சிறியது, கெண்டைக்காலும் சற்று மெலிந்தது, ஓட்டத்தில் குறையில்லை. 2013-இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் வளைபாதமும் அடங்கும் என்பதால், செலவுக்குத் தயங்காமல் மாவட்ட அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். பொன்செட்டி முறையில் பழகியவரா என்று மருத்துவரிடம் நேரடியாகவே கேளுங்கள். முதல் நாளிலேயே இடுப்பு மூட்டையும் முதுகையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.