வயலா, சேவைத் தொழிலா?

கிளிநொச்சி மாவட்டத்து முரசுமோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: தகப்பனாரின் ஐந்து ஏக்கர் வயலும், வெளிநாட்டில் உழைத்த காசு கொஞ்சமும் கையிலிருக்கின்றன, இலங்கையின் மொத்த உற்பத்தியில் விவசாயம் 8 வீதமளவுதான், சேவைத்துறையோ பாதிக்கு மேல் என்பதால், வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுப் பரந்தனில் ஒரு கடை போடுவதுதானே புத்தி?

புள்ளிவிவரம் சரிதான். தொழில் செய்வோரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் விவசாயத்தில் இருந்துகொண்டு அந்த 8 வீதத்தை ஆக்குகிறார்கள் என்றால், கமக்காரரின் உழைப்புப் பெறுமதி நாட்டுச் சராசரியின் மூன்றிலொரு பங்கு என்றாகிறது. வளரும் நாடுகளில் இது புதினமல்ல. வருமானம் இரட்டித்தாலும் எவரும் இரண்டு மடங்கு சோறு உண்பதில்லை, மிஞ்சும் காசு படிப்புக்கும் மருத்துவத்துக்கும் போக்குவரத்துக்கும் போகிறது.

ஆனால் அந்த 8 வீதம் நெல் வயலை விட்டு வெளிக்கிடும் வரையான பெறுமதி மட்டுமே. அதே நெல் லொறியில் ஏறினால் சேவை, ஆலையில் அரிசியானால் கைத்தொழில், கடையில் நிறுத்து விற்றால் மறுபடியும் சேவை. கூலிக்கு வெட்டும் அறுவடை இயந்திரம் மட்டும் சர்வதேச வகைப்படுத்தலில் விவசாயத்துக்குள்ளேயே நிற்பது ஒரு வேடிக்கை. மேலும், சேவைத்துறையின் பெரும்பங்கில் கொழும்புத் துறைமுகமும் வங்கிகளும் அடங்கும். பரந்தன் சந்திக் கடையோ சுற்றுவட்டத்துக் கமக்காரரின் கைக்காசில் ஓடுவது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீங்கியபோது காலபோகப் (மாரிகாலப்) பயிர் ஏற்கெனவே வயலில் நின்றது. விளைச்சல் வீழ்ந்த அப்படியான போகத்தில் கடைக்காரரின் கடன் கொப்பிதான் தடிக்கும்.

ஆகவே வயலையும் சேவையையும் எதிரெதிரே நிறுத்தாமல், வயலை ஒட்டிய சேவையைத் தேடுங்கள். கடனெடுத்து அறுவடை இயந்திரம் வாங்குவதை நான் விரும்பமாட்டேன்: காலபோகத்தில் சில கிழமை வேலை, கோடைச் சிறுபோகத்திலோ இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எத்தனை ஏக்கருக்குப் பங்கிடப்படுகிறதோ அவ்வளவுதான், மிச்ச நாளெல்லாம் தவணைக் காசு.

நெல்லை உலர்த்தி வைத்து விற்பது கவனிக்கத்தக்கது. தை, மாசியில் வீதியோரம் படங்கு விரித்து நெல் காயவிடுவோரையும், அதற்கும் வழியின்றிக் கடன் கட்ட ஈரநெல்லை வயற்கரையிலேயே கொடுத்துவிடுவோரையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இங்கே கணக்கு முக்கியம்: 22 வீத ஈரப்பதமுள்ள 100 கிலோ நெல்லை, சேமிப்புக்கு உகந்த 14 வீதத்துக்குக் காயவைத்தால் 91 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே மிஞ்சும். காய்ந்த நெல்லின் விலை ஈரநெல்லைவிட 10 வீதத்துக்கு மேல் கூடினால்தான் எடையிழப்பே ஈடாகும். கூலி, சாக்கு, எலிச்சேதம் எல்லாம் அதற்கு மேல்.

இம்முறை வயலைக் குத்தகைக்குக் கொடுக்காமல், ஓர் ஈரப்பதமானி மட்டும் வாங்கி, உங்கள் சொந்த நெல்லில் ஒரு பகுதியைக் காயவைத்துச் சித்திரை வரை வைத்து, இரண்டு விலைகளையும் கொப்பியில் எழுதிப் பாருங்கள். சீமெந்துத் தளத்துக்கும் களஞ்சியத்துக்கும் காசு இறக்குவதை அதன்பின் தீர்மானிக்கலாம்.